ஒழுகும் ஏ.ஸி.யும் சுவரில் பூத்த பூஞ்சணமும்

ஜூலை பிறந்துவிட்டால், நம் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் வரும் வேளையில் பெரும்பாலும் ஒரே பேச்சுத்தான். முனிர்க்காவில் குடியிருப்பவர், பேர் சராயில் இருப்பவர், கட்வாரியா சராயில் இருப்பவர் எல்லாரும் தத்தம் அறைச் சுவரைப் பற்றிக் குறை கூறத் தொடங்குவார்கள். கறுப்பாகப் புள்ளி புள்ளியாகப் பூத்திருக்கிறது. துடைத்தால் போகிறது, பத்து நாளில் மறுபடி வருகிறது. புத்தக அட்டையிலும் செருப்பின் தோலிலுங்கூடப் படர்ந்துவிட்டது. கதவைத் திறந்தால் ஈரச் சாக்கின் நாற்றம் அடிக்கிறது. இன்னும் சற்று விசாரித்தால், அந்தச் சுவரின் உச்சியில் ஓர் ஏ.ஸி. இருப்பதும், அதன் அடியில் ஒரு வாளி வைக்கப்பட்டிருப்பதும் தெரியவரும்.

எம்.எஸ்ஸி. வகுப்பில் நுண்ணுயிரியல் பயிலும் எனக்குப் பூஞ்சணம் பாடப் பொருள். ஆனால் பாடத்துப் பூஞ்சணம் கண்ணாடித் தட்டில் மூடியிட்டு அடக்கமாக வளரும். நம் அறைப் பூஞ்சணமோ தலையணைக்கு ஒரு முழம் மேலே வளர்கிறது. ஆகவே அதைப் பற்றி நம் நண்பர்களுக்குச் சற்று விரிவாகவே எழுதலாம் என்று துணிந்தேன். சொல்ல வந்த விஷயம் ஒன்றுதான். பூஞ்சணம் அழுக்கினால் வருவதன்று, தண்ணீரினால் வருவது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் துணியும் ப்ளீச்சிங் பவுடரும் பெயிண்டும் கொண்டு செய்கிற வைத்தியமெல்லாம் சில நாளைக்கே நிற்கும்.

ஊறுகாய் ஜாடி சொல்லும் பாடம்

வீட்டில் ஆவக்காய் ஜாடியில் ஈரக் கரண்டியைப் போட்டால் அம்மா ஏன் கோபித்துக் கொள்கிறார்கள்? ஊறுகாயில் தண்ணீரே இல்லையா? மாங்காய் முழுவதும் தண்ணீர்தான். ஆனால் அந்தத் தண்ணீரை உப்புப் பிடித்து வைத்துக் கொண்டிருக்கிறது. பூஞ்சணம் குடிப்பதற்கு அது விடுபட்டு நிற்கவில்லை. மேலே மிதக்கும் எண்ணெய் காற்றையும் தடுக்கிறது. ஈரக் கரண்டி அங்கே இரண்டு சொட்டுத் தண்ணீரைச் சுதந்திரமாக விட்டுவிடுகிறது. மூன்றாம் நாள் ஜாடியின் ஓரத்தில் வெள்ளைப் பூ! வடகத்தையும் அப்பளத்தையும் மொட்டை மாடியில் சருகாகக் காயவைப்பதிலும் இதே தத்துவந்தான் இருக்கிறது. ஒரு பொருளில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது முக்கியமன்று. எவ்வளவு தண்ணீர் உயிர்களுக்கு எட்டும்படி இருக்கிறது என்பதே முக்கியம்.

சுவருக்கும் இது பொருந்தும். பூஞ்சணத்தின் சிதல்கள், அதாவது வகுப்பில் ஸ்போர் என்று நாம் படிப்பவை, ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கு பருமனே உள்ளவை. அவை காற்றில் எங்கும் இருக்கின்றன. டில்லியில் மட்டுமன்று, இமயமலையிலும் இருக்கின்றன, இராமேசுவரத்திலும் இருக்கின்றன. 1928-ல் லண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங்கின் தட்டில் வந்து விழுந்து பெனிசிலினைக் காட்டிக் கொடுத்ததும் இத்தகைய ஒரு சிதல்தான். ஆகவே சிதலே இல்லாத அறை வேண்டும் என்று ஆசைப்படுவது வீண். உணவும் அதற்குப் பஞ்சமில்லை. சுவர்ப் புட்டி, டிஸ்டெம்பர், அதன்மேல் படிந்த தூசி, அட்டை, மரத்தூள் பலகை, நம் தோலிலிருந்து உதிரும் பொடி, எல்லாமே அதற்கு விருந்து. உஷ்ணமும் நமக்கு இதமானதே அதற்கும் இதம். நம் கையில் மிஞ்சியிருப்பது தண்ணீர் ஒன்றுதான். சுவரின் மேற்பரப்பை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 80 சதவிகிதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் பெரும்பாலான பூஞ்சணங்கள் அங்கே முளைத்து விடுகின்றன. சில துணிச்சலான இனங்களுக்கு அதற்குக் குறைவானதே போதும். எனவேதான் அறைக் காற்றின் ஈரப்பதத்தை 60 சதவிகிதத்துக்குக் கீழே வைக்க வேண்டுமென்றும், நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட வேண்டுமென்றும் அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் யோசனை கூறுகிறது.

காற்றிலிருந்து கறக்கும் தண்ணீர்

ஏ.ஸி. என்பது குளிரூட்டுவதற்காகப் பிறந்த இயந்திரம் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் 1902-ல் வில்லிஸ் காரியர் என்ற இளம் என்ஜினீயர் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்த ஓர் அச்சுக்கூடத்துக்காக அதை வகுத்தபோது அவர் முன்னிருந்த கேள்வி ஈரத்தைப் பற்றியது. காற்றின் ஈரம் ஏறி இறங்கும்போதெல்லாம் காகிதம் விரிந்து சுருங்கியது. வண்ண அச்சு ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் விலகியது. காற்றைக் குளிர்ந்த குழாய்ச் சுருளின்மீது செலுத்தி அதிலுள்ள ஈரத்தைப் பிழிந்தெடுப்பதே அவர் கண்ட வழி. ஈரத்தைப் போக்கப் பிறந்த இயந்திரம் இன்று நம் சுவரை நனைத்துக் கொண்டிருக்கிறது!

அது எவ்வளவு தண்ணீரைப் பிழிகிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 டிகிரி உஷ்ணமுள்ள ஒரு கன மீட்டர் காற்று அதிகமாகப் போனால் 30 கிராம் நீராவியைத் தாங்கும். டில்லியின் ஜூலை இரவில் ஈரப்பதம் 80 சதவிகிதம் என்று கொண்டால் அதில் 24 கிராம் இருக்கும். ஏ.ஸி.யின் சுருளைத் தொட்டு அக்காற்று 10 டிகிரிக்கு இறங்கும்போது 9 கிராமுக்குச் சற்று அதிகமாகத்தான் தாங்க முடியும். மீதமுள்ள 14, 15 கிராமும் சுருளின்மேல் பனித்துளியாக இறங்கியே ஆகவேண்டும். பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் பத்தடி உயரமுமுள்ள அறையில் 34 கன மீட்டர் காற்று இருக்கிறது. அதிலுள்ள நீராவி முழுவதும் சேர்ந்தால் முக்கால் லிட்டருக்குச் சற்று அதிகம். அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் கதவிடுக்கிலும் ஜன்னலிடுக்கிலும் வெளிக்காற்று ஓயாமல் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. உறங்குகிறவர்களின் மூச்சும் வியர்வையும் வேறு. எங்கள் அறையின் வெளிக்குழாய் முனையில் ஓர் இரவு வாளி வைத்துப் பார்த்தேன். பத்து மணி முதல் ஆறு மணி வரையில் ஏழு லிட்டர் சேர்ந்திருந்தது. இந்த ஏழு லிட்டரும் சுண்டுவிரல் பருமனுள்ள ஒரு பிளாஸ்டிக் குழாயை நம்பித்தான் இருக்கிறது என்பதை நண்பர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

இதில் டில்லிக்கே உரிய வேடிக்கை ஒன்று உண்டு. மே மாதத்து ‘லூ’ வீசும் பகலில் உஷ்ணம் 40 டிகிரி இருந்தாலும் ஈரப்பதம் 20 சதவிகிதம் இருந்தால் ஒரு கன மீட்டரில் இருப்பது 10 கிராம் நீராவியே. அக்காற்று சுருளைத் தொட்டாலும் பிழிவதற்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. குழாய் அடைத்திருந்தாலும் அப்போது தெரியாது. ஏப்ரலில் மிஸ்திரி வந்து பார்த்து “எல்லாம் சரியாக இருக்கிறது” என்று சொல்லிவிட்டுப் போவார்; அவர் சொல்வதும் பொய்யன்று. மழைக்காற்று வந்த முதல் வாரத்தில்தான் அதே இயந்திரம் அதே சுவரில் அழத் தொடங்கும். ஆகவே டில்லியில் வடிகுழாயைச் சோதிக்க வேண்டிய காலம் ஜூன் மாதக் கடைசி. கூலர் வைத்திருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை: மேயில் அமிர்தமாக இருக்கும் அந்தப் பெட்டி ஜூலையில் அறைக்குள் தண்ணீரைத் தெளிக்கும் இயந்திரமே தவிர வேறில்லை.

தண்ணீர் வழி தவறும் இடங்கள்

சுருளிலிருந்து சொட்டும் நீர் அதன் அடியிலுள்ள ஆழமற்ற தட்டில் விழுந்து, குழாய் வழியாகச் சுவரைத் துளைத்து வெளியே போகவேண்டும். இந்தச் சிறு பிரயாணத்தில் அது வழி தவறுவதற்குப் பல காரணங்கள் உண்டு.

எல்லாவற்றிலும் அதிகமாகக் காண்பது அடைப்பு. காற்றிலுள்ள தூசியும், அத்தூசியைத் தின்று வளரும் பாக்டீரியாக்களும் பூஞ்சணங்களும் சேர்ந்து தட்டிலும் குழாயிலும் வழவழப்பான ஒரு கசட்டை உண்டாக்குகின்றன. கிணற்றுப் படியில் பாசி பிடிக்கிறதே, அதைப் போன்றது. அது திரண்டு குழாயை அடைத்ததும் தட்டு நிரம்பிப் பின்புறமாகச் சுவரில் வழிகிறது. முன்புறமாக வழிந்தால் கட்டிலில் சொட்டும், உடனே தெரிந்துவிடும். பின்புறமாக வழிந்தால் பெட்டியே அதை மறைத்துக் கொள்கிறது. சொட்டுகிற ஏ.ஸி.யைவிடச் சொட்டாமல் ஒழுகுகிற ஏ.ஸி.யே பொல்லாதது.

அடுத்தது சரிவு. தண்ணீர் மேல்நோக்கி ஏறாது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்ததே. ஆயினும் வெளியே குழாயை ஒரு சன்ஷேடின்மேல் ஏற்றி, பிறகு இறக்கி, நடுவில் தொய்யவிட்டுக் கட்டியிருக்கும் காட்சியை எந்தத் தெருவிலும் காணலாம். தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கும். அதற்கப்பால் காற்று அடைபடும். குழாயின் நுனி வாளித் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தாலும் இதே தொல்லை. ஜன்னலில் பொருத்தும் பழைய மாதிரி ஏ.ஸி.யாக இருந்தால் அது வெளிப்புறம் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். உட்புறம் சாய்ந்திருந்தால் தண்ணீர் முழுவதும் நமக்குத்தான்.

ஃபில்டர் வலையில் தூசி அடைந்தால் ஒழுகும் என்பதைப் பலர் நம்புவதில்லை. காற்று குறைவாகச் செல்வதால் சுருள் அளவுக்கு மீறிக் குளிர்ந்து அதன்மேல் பனிக்கட்டி கட்டுகிறது. இயந்திரத்தை நிறுத்தியதும் அக்கட்டி ஒரேயடியாக உருகித் தட்டுக்கு அடங்காமல் வழிகிறது. உள்ளிருக்கும் கேஸ் குறைந்தாலும் இப்படியே நேரும். வலையை வாரம் இரு முறை குழாயடியில் கழுவிக் காயவைப்பதற்கு மிஸ்திரி வேண்டியதில்லை. கடைசியாக, செப்புக் குழாயின்மேல் சுற்றிய கறுப்புப் பஞ்சுறை கிழிந்திருந்தால், குளிர்ந்த குழாய் வியர்த்துச் சுவர்த் துளைக்குள்ளேயே சொட்டும். இதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

ஏ.ஸி. பழுதில்லாமலே சுவர் நனைவதும் உண்டு. 24 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 22 கிராம் நீராவியைத்தான் தாங்கும் என்பதையும், வெளிக்காற்றில் 24 கிராம் இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இரவெல்லாம் குளிர்ந்த சுவரின் மறுபக்கத்தில், ஏ.ஸி. இல்லாத நடையிலோ பக்கத்து அறையிலோ அந்த வெளிக்காற்று வந்து தொட்டால், குளிர்ந்த சோடா பாட்டிலைப் போலச் சுவர் வியர்க்கும். ஏ.ஸி.யை 18 டிகிரியில் வைத்துக் கம்பளி போர்த்துக்கொண்டு உறங்கும் நண்பர்கள் பக்கத்து அறைக்காரரையும் சற்று நினைக்கலாம்.

சாம்பார் ஆவியும் சொட்டு நீலமும்

எங்கள் அறையின் கதையைச் சொல்ல வேண்டிய இடம் இது. என் அறைத் தோழர் சேலத்துக்காரர், பொருளாதாரம் படிக்கிறார். சிறு வயது முதல் இரைப்பு உள்ளவர். சென்ற ஆண்டு ஆகஸ்டில் அவருடைய இருமல் இரவில் அதிகமாயிற்று. ‘பம்பு’ இரண்டு மாதத்துக்கு வருவது மூன்று வாரத்தில் தீர்ந்தது. ஆனால் சனி, ஞாயிறுகளில் ராமகிருஷ்ணபுரத்தில் இருக்கும் அவருடைய சித்தி வீட்டுக்குப் போனால் நன்றாக உறங்குவார். திங்கட்கிழமை திரும்பினால் மறுபடி இருமல். “உங்கள் அறையில் சீலன் இருக்கிறதா?” என்று மருத்துவர் கேட்டார். சீலன் என்பது இந்தியில் சுவர் ஈரம். ஏ.ஸி.க்கு அடியில், அவருடைய கட்டிலின் தலைமாட்டில், இரண்டடி அகலத்துக்குக் கறுப்புப் படலம் இருந்தது.

வீட்டுக்காரர் நல்ல மனிதர். பண்டிகைக்குப் பண்டிகை இனிப்புக் கொடுத்தனுப்புகிறவர். ஆனால் அவருக்கு ஒரு திடமான கொள்கை இருந்தது. “நீங்கள் மதராசிகள் நாள் முழுதும் சோறும் சாம்பாரும் கொதிக்க வைக்கிறீர்கள், பேட்டா. ஆவி சுவரில் படியாமல் எங்கே போகும்?” என்றார். அதற்கு முன்பே இரண்டு முறை பெயிண்ட் அடித்துக் கொடுத்திருந்தார். இரண்டு முறையும் அதன்மேலேயே பூஞ்சணம் பூத்தது. மூன்றாம் முறை செலவை எங்கள் முன்பணத்தில் கழிப்பதாகச் சொல்லிவிட்டார்.

வாதாடுவதில் பயனில்லை, சோதித்துவிடலாம் என்றேன். முதலில் சமையல் கணக்கு. சோறு வைப்பதற்கு முன்பும் பின்பும் குக்கரை எடைபோட்டதில் ஒரு வேளைக்குக் காற்றில் போன தண்ணீர் 200 கிராமுக்குள் அடங்கியது. சாம்பாருக்கும் அவ்வளவே வைத்துக்கொண்டாலும் ஏ.ஸி.யின் ஏழு லிட்டருக்கு முன்னால் அது எம்மாத்திரம்? அதுவும் அடுப்பு இருப்பது ஜன்னலோரம்.

கணக்கு மட்டும் போதாது என்பதால் பாலிதீன் சோதனை. யாரும் செய்யக்கூடிய எளிய சோதனை இது. ஓரடிச் சதுரமான கண்ணாடி போன்ற பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரத்தையும் இடைவெளியின்றி நாடாவால் ஒட்டிவிட வேண்டும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிவதாயின் தாளின் வெளிப்பக்கம் நனைந்திருக்கும். சுவருக்குள்ளிருந்தே ஈரம் கசிவதாயின் தாளின் உட்பக்கம், சுவரை நோக்கிய பக்கம், முத்து முத்தாகத் துளிர்த்திருக்கும். மூன்று தாள் ஒட்டினோம். அடுப்படிச் சுவரில் இருபக்கமும் உலர்வு. எதிர்ச் சுவரிலும் அப்படியே. ஏ.ஸி.க்கு அடியில் ஒட்டிய தாளின் உட்பக்கத்தில் மட்டும் தண்ணீர் கோடு கோடாக ஓடியிருந்தது.

வீட்டுக்காரர் அதையும் பார்த்தார். “மேல்மாடித் தண்ணீராக இருக்கலாமே” என்றார். நியாயமான சந்தேகம். எனவே மின்சாரத்தை நிறுத்தி, மிஸ்திரியைக் கொண்டு முன்மூடியைக் கழற்றச் செய்து, ஒரு லிட்டர் தண்ணீரில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலந்து வடிகால் தட்டில் மெல்ல ஊற்றினோம். வெளிக்குழாயில் ஒரு டம்ளர் அளவு வந்து நின்றுவிட்டது. மீதி எங்கே என்று எல்லாரும் பார்த்துக் கொண்டிருக்கையில், பெட்டியின் பின்னாலிருந்து சுவரில் நீலக்கோடு ஒன்று மெல்ல இறங்கியது! அதன்பின் சாம்பாரைப் பற்றிய பேச்சு எழவில்லை. வாளியில் விழுந்த ஏழு லிட்டர் அடைப்பைத் தாண்டி வந்த பங்குதான் என்பதும் அப்போது விளங்கியது. குழாயை ஊதியபோது ஒரு விரல் நீளத்துக்குக் கசடு வெளியே வந்தது. குழாயைச் சரிவாக மாற்றிக் கட்டியதற்கும் சேர்த்து மிஸ்திரி வாங்கிய கூலி ஒரு பெயிண்ட் டப்பாவின் விலைகூட இல்லை.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வந்தேறியவர்களின் சமையலும் குளியலுமே சுவரைக் கெடுக்கின்றன என்ற எண்ணம் டில்லிக்கு மட்டும் உரியதன்று. 2020 டிசம்பரில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் ஆவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. சூடானிலிருந்து வந்த குடும்பம். வீட்டுப் பூஞ்சணத்தை நெடுங்காலம் சுவாசித்ததால் விளைந்த கடுமையான சுவாசக் கோளாறே மரணத்துக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு கூறினார். தந்தை 2017-லேயே முறையிட்டிருந்தார். அதன்மேல் பெயிண்ட் அடித்துக்கொள் என்பதே அவருக்குக் கிடைத்த பதில். அக்குடும்பத்தின் வாழ்க்கை முறைதான் காரணம் என்று வீட்டை நிர்வகித்தவர்கள் தாமாகவே எண்ணிக்கொண்டதும் பின்னர் வெளிவந்தது. 2023-ல் அந்நாட்டு வீட்டுவசதிச் சட்டத்தில் அக்குழந்தையின் பெயராலேயே வழங்கும் விதி ஒன்று சேர்க்கப்பட்டது.

உடலுக்கு என்ன கேடு?

அந்த வரலாற்றைப் படித்து யாரும் இன்றிரவு உறக்கத்தை இழக்க வேண்டாம். நல்ல உடல்நிலையுள்ள இளைஞருக்குச் சிறிதளவு பூஞ்சணம் பெரும்பாலும் தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு என்ற அளவில் நிற்கும். இரைப்பு உள்ளவர்கள், ஒவ்வாமை உள்ளவர்கள், கைக்குழந்தைகள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் ஆகியோருக்கே ஆபத்து அதிகம். உலக சுகாதார நிறுவனம் 2009-ல் ஈரத்தையும் பூஞ்சணத்தையும் பற்றித் தனியாக ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டது. ஈரமான கட்டடங்களில் வாழ்பவர்களுக்கு இருமலும் இரைப்பும் அதிகம் என்று கூறிய அந்நூல், காற்றில் இத்தனை சிதல்கள் வரை இருக்கலாம் என்று எல்லை எதையும் வகுக்கவில்லை. ஈரமே இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்லிற்று.

இதனால்தான், “உங்கள் ஆய்வுக்கூடத்தில் சோதித்துச் சொல்லுங்கள்” என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் அவ்வளவு உற்சாகம் காட்டுவதில்லை. எங்கள் சுவரில் செல்லோடேப்பை ஒட்டி எடுத்து, சாயமிட்டு, நுண்நோக்கியில் பார்த்தேன். கிளாடோஸ்போரியமும் ஆஸ்பெர்ஜில்லஸும் தெரிந்தன. பார்ப்பதற்கு அழகாகவும் இருந்தன! ஆனால் பெயர் தெரிந்ததால் செய்யவேண்டிய வேலை ஒன்றும் மாறவில்லை. கறுப்பாயிருந்தால் விஷப் பூஞ்சணம் என்ற பேச்சும் அப்படிப்பட்டதே. நிறத்தைக் கண்டு இனத்தைச் சொல்ல முடியாது.

வெள்ளையாகப் பஞ்சுபோல் பூத்திருப்பது சில சமயம் பூஞ்சணமே அன்று. செங்கல்லிலிருந்து வெளிவந்த உப்பு. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உப்புக் கரைந்துவிடும், பூஞ்சணம் கரையாது. உப்பாயினும் சுவருக்குள் தண்ணீர் ஓடுகிறது என்பதற்கு அதுவும் சாட்சிதான்.

துடைக்கும் முறை

தண்ணீரை நிறுத்திய பிறகே துடைக்கத் தொடங்க வேண்டும். மூன்றடிக்கு மூன்றடி, அதாவது பத்துச் சதுர அடிக்குள் இருந்தால் நாமே செய்துகொள்ளலாம். இரைப்புள்ளவர் அந்த அறையில் இருக்கக்கூடாது. எங்கள் வீட்டில் தோழரைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டே தொடங்கினோம். என்-95 முகமூடியும் ரப்பர் கையுறையும் கண்ணாடியும் அவசியம். ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். உலர்ந்த துடைப்பத்தால் தேய்ப்பது மிகவும் தவறு. ஒரே தேய்ப்பில் கணக்கற்ற சிதல்கள் அறை முழுதும் பறக்கும். முதலில் சோப்புத் தண்ணீரால் மெல்ல நனைத்து, பிறகு துடைத்து, துணியைப் பையில் கட்டி எறிந்துவிடுவதே முறை. ஊறி உப்பிய புட்டியையும் நனைத்தபடியே சுரண்டி, கெட்டியான சிமெண்டுப் பூச்சு தெரியும் வரை எடுத்துவிட வேண்டும். பஞ்சு மெத்தையும் அட்டைப் பெட்டியும் உள்வரை பூத்திருந்தால் அவற்றைக் காப்பாற்ற முயல்வது வீண் சிக்கனம்.

ப்ளீச்சைப் பற்றி அழுத்தமாக ஒன்று சொல்லவேண்டும். அது ஓடு, கண்ணாடி போன்ற வழுவழுப்பான பரப்பில் பயன்படும். புட்டியிலும் பூச்சிலும் நிறத்தைப் போக்குமே தவிர உள்ளே ஊன்றிய இழைகளை எட்டாது. செத்த பூஞ்சணமும் ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால் கொல்வதைவிட அகற்றுவதே முக்கியம். அதோடு, ப்ளீச்சோடு கழிவறை கழுவும் அமிலத்தை ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் வாயு எழும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானோடு கலப்பதும் அவ்வாறே நச்சு வாயுவைக் கிளப்பும். விடுதியில் ‘இரண்டும் சேர்ந்தால் இன்னும் பலம்’ என்று எண்ணுகிறவர்கள் இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

துடைத்தபின் பொறுமை வேண்டும். செங்கல் சுவர் குடித்த தண்ணீர் மழைக்காலத்தில் ஒரே நாளில் வெளியேறாது. எங்கள் சுவருக்கு நான்கு வாரம் ஆயிற்று. வாரந்தோறும் அதே பாலிதீன் தாளை ஒட்டிப் பார்த்தோம். உட்பக்கம் துளிர்க்காத நாளில்தான் பூச்சு வேலையைத் தொடங்கவிட்டோம். ஈரம் போகுமுன் பிளாஸ்டிக் பெயிண்ட் அடிப்பது ஈர ஜாடியை மூடி போட்டு வைப்பது போலத்தான். வசதியிருந்தால் அந்த இடத்துக்குச் சுண்ணாம்பே அடிக்கலாம். நம் ஊரில் பொங்கலுக்கு முன் அடிக்கிறோமே, அதுதான். புதிய சுண்ணாம்பின் காரத்தன்மையில் பூஞ்சணம் எளிதில் முளைப்பதில்லை. அது சுவரின் ஈரத்தை வெளியேறவும் விடும். வீட்டுக்காரருக்கு அது அவ்வளவு நாகரிகமாகத் தோன்றவில்லை, டிஸ்டெம்பரில் சமாதானமானோம். முன்பணத்தில் எதையும் கழிக்கவில்லை.

தோழரின் இருமல் அக்டோபருக்குள் தணிந்தது. மூன்று வாரத்தில் தீர்ந்த பம்பு மறுபடி இரண்டு மாதத்துக்கு வருகிறது. அக்டோபரில் காற்றும் மாறிவிடுகிறது; ஆகவே எல்லாப் பெருமையும் குழாய்க்கே என்று விஞ்ஞான முறைப்படி சொல்லிவிட முடியாது. ஆனால் இந்த ஆண்டு ஆகஸ்டு முழுதும் அவர் தம் கட்டிலிலேயே உறங்கினார்.

புதிதாக அறை தேடுகிற முதலாண்டு நண்பர்களுக்குச் சில குறிப்புகள். ஜூலையில் பளபளவென்று ஒரு சுவருக்கு மட்டும் புது வெள்ளை அடித்திருந்தால் காரணம் கேளுங்கள். பீரோவை ஒரு சாண் நகர்த்தி அதன் பின்னால் முகர்ந்து பாருங்கள். குடிபுகும் அன்றே சுவர்களைத் தேதி தெரியும்படி படம் எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பி வையுங்கள். ஏ.ஸி.யை அரை மணி நேரம் ஓடவிட்டு, தெருப்பக்கம் போய் அந்தச் சிறு குழாயின் நுனியைப் பாருங்கள். மழைக்காலத்தில் அரை மணி ஓடியும் அங்கே சொட்டு விழவில்லையென்றால், தண்ணீர் சுவரின் வேறு பக்கத்தில்தான் இறங்கிக் கொண்டிருக்கிறது.